மணிக்கூண்டு பறந்த கதை

அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. டிப்போவில் எல்லாருக்கும் அவர் மணிக்கூண்டுதான். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம் அதற்குப் பாதிக் காரணம். வழியோரக் கடைக்காரர்கள் அவருடைய பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது மீதிக் காரணம். புறப்படுகிற நேரம் வந்துவிட்டால் மழையானாலும் சரி, மேலதிகாரியின் மச்சான் ஓடி வந்தாலும் சரி, வண்டி நகர்ந்துவிடும். மலையடிவார ஊருக்கும் துறைமுகத்துக்கும் இடையே அவர் ஓட்டிய நெடுந்தூர வண்டியில் நான் பல வருஷம் கண்டக்டராக இருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் நேரில் பார்த்தது பாதி. அவரும் அண்ணியும் தனித்தனியாகச் சொன்னது மீதி.

அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம், வெளிநாட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகளுக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்கோ விடுப்புக் கிடைக்காத வேலை. அம்மா வந்தால்தான் ஆகும் என்றாயிற்று. டிக்கெட் போடுகிற ஆபீஸுக்கு அண்ணன் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

அங்கே இருந்த பெண்ணிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஊர் எவ்வளவு தூரம் என்பது. இரண்டு விமானம், முதலில் ஏழு மணி நேரம், நடுவில் இறங்கிக் காத்திருக்க வேண்டும், பிறகு பதினாலு மணி நேரம் என்று அந்தப் பெண் ஒப்பித்தது.

"நேரம் கேக்கலம்மா. தூரம்."

அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் தூரம் கேட்டதில்லை போலிருக்கிறது. கம்ப்யூட்டரில் எதை எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, பதினேழாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும் என்றது. வீடு திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார்: நம் வண்டியை ஒரு மாசம் லீவே போடாமல் ஓட்டினால்தான் அந்த ஊர் வரும். நடுவில் கடல் இருக்கிறதே என்று நான் ஞாபகப்படுத்தினேன். அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன் என்றார்.

டிக்கெட் அண்ணிக்கு மட்டும்தான். ஏன் என்று கேட்டவர்களிடம் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பார். உண்மை எங்களுக்குத் தெரியும். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார அவரால் முடியாது. ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்கு வேனில் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வளைவுக்கு வளைவு காலால் தரையை மிதித்துக்கொண்டு வந்தார். பேச்சே இல்லை. மிதி மட்டும்தான். பாதி வழியில் அந்த வேன் டிரைவர் ஓரங்கட்டி, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அண்ணி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. போகிற ஊரின் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும், "அவர இழுத்துட்டுப் போனா வழியெல்லாம் அந்த பைலட்டுக்குப் பாடம் நடத்திட்டு வருவாரு. நானே போயிட்டு வர்றேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மறையும்வரை அண்ணன் நின்றார். பிறகும் நின்றார். விமானம் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போனால் எனக்கே என்னவோ போலிருக்கும். தையல் மெஷின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார். சமையல் பரவாயில்லை, பஸ் ஷெட்டுகளில் படுத்துப் பழகிய ஆள், தனக்கு வேண்டியதைச் செய்துகொள்வார். போன்தான் அவரைச் சங்கடப்படுத்தியது. இங்கே ராத்திரி என்றால் அங்கே பகல். சாப்பிட்டீங்களா, நீ சாப்பிட்டியா, அங்கே மணி என்ன, குளிரா. அவ்வளவுதான், பேச்சு தீர்ந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து வாரத்தில் பாதி நாள் அவர் ரோட்டில்தான் இருந்தார் என்றாலும், இருவரும் போனில் பேசிப் பழகவே இல்லை. வீட்டில் இருக்கும்போதும் பேச்சு அதிகமில்லை. கோபமா சந்தோஷமா என்பதை அண்ணி டீ டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே அவர் தெரிந்துகொள்வார். அந்தச் சத்தம் போனில் வராதே.

பேத்தி பிறந்தாள். டிப்போவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணி இன்னும் சில மாசம் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. அப்புறம் ஒருநாள் மகள் தனியாகப் போன் செய்தாள்.

அம்மா முன்போல இல்லை என்றாள். ராத்திரி தூங்குவதில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் குழந்தை தூங்கியதும் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விடுகிறார், திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிறது. கேட்டால் சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்கிறார்.

"வெளிய மழை கொட்டுதுப்பா. அம்மா ஷூ நனையவே இல்ல. எங்கதான் நடக்குறாங்க? உங்கள வரச் சொல்லி அவங்க கேக்க மாட்டாங்க. நானும் கேக்கல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். இன்னொரு டீ கொடுத்தோம், அதையும் குடித்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, நாளைக்கு அந்த டிக்கெட் ஆபீஸ் வரைக்கும் வருகிறாயா என்று கேட்டார்.

விசா வந்து சேர ஒரு மாசம் ஆயிற்று. வருகிறேன் என்று அண்ணியிடம் அவரே போனில் சொன்னார். எப்படி வருவீர்கள் என்று அண்ணி கேட்டாராம். எல்லாரும் எப்படி வருகிறார்களோ அப்படித்தான் என்றாராம் இவர்.

முதல் விமானத்தில் அவர் பட்ட பாட்டை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். நடைபாதை ஓரத்துச் சீட்டுதான், ஆனாலும் முழங்கால் தாடையை இடித்தது. இன்ஜின் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குலுங்கும்போதெல்லாம் வலது கால் தானாக அமுக்கியது. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. ஓட்டும்போது சாப்பிட்டால் தூக்கம் வரும் என்பது அவர் கொள்கை. ஓட்டுவது தான் இல்லை என்பது வயிற்றுக்குப் புரியவில்லை. ஆனால் விமானம் தரையைத் தொட்ட விதம் அவருக்குப் பிடித்துவிட்டது. இறங்கும்போது வாசலில் கைகூப்பி நின்ற பெண்ணிடம், "நல்லா எறக்கினாருன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்றார். அதற்கு முன் அவர் வாயால் இன்னொரு டிரைவரைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

நடுவழி விமான நிலையம் ஒரு ஊர் அளவு இருந்தது. கடைகள், ஓடுகிற படிக்கட்டுகள், பெட்டியை இழுத்துக்கொண்டு எல்லாத் திசையிலும் போகிற ஜனம். அண்ணன் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. முதலில் தன் விமானத்துக்கான வாசலைக் கண்டுபிடித்தார். அதற்கு நேர் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்தார். நிறைய நேரம் இருந்தது. முந்தின நாளிலிருந்து கண் மூடாதவர். இப்போது தரை அசையவில்லை, யார் கையிலும் ஸ்டியரிங் இல்லை. பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே மணி அதைவிடக் கூடுதல். அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வாழ்க்கையில் நேரம் என்பது ஒன்றுதான். ஊருக்கு ஊர் அது மாறும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் தன் கையிலேயே அது மாற வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

விழித்தபோது சுற்றியிருந்த நாற்காலிகள் காலி. வாசல் சாத்தியிருந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு இளைஞன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அண்ணன் டிக்கெட்டை நீட்டிக் கேட்டார். விமானம் போய்விட்டது என்றான் அவன். பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டோமே என்றும் சொன்னான். கூப்பிட்டிருப்பார்கள்தான். தூக்கத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது அவருக்கும் கேட்டிருக்கிறது. அது தன் பெயர் என்று தோன்றவில்லை.

"வண்டிய விட்டுட்டு நிக்கிறவங்கள எத்தனையோ தடவ கண்ணாடில பாத்திருக்கேன்டா," என்று என்னிடம் பிற்பாடு சொன்னார். "பையத் தூக்கிட்டு ஓடி வருவாங்க, அப்புறம் நின்னுடுவாங்க, சின்னதா ஆயிடுவாங்க. அன்னிக்கு நான் அந்தக் கண்ணாடிக்குள்ள நின்னேன்."

அந்த இளைஞன் நல்லவன். அடுத்த நாள் விமானத்தில் இடம் போட்டுக் கொடுத்தான். போனை விமான நிலையத்து இணையத்தில் கோத்துக் கொடுத்ததும் அவன்தான். அண்ணன் மகளைக் கூப்பிட்டார், எடுத்தது அண்ணி.

"வண்டிய விட்டுட்டேன்."

அண்ணிக்குப் புரியவில்லை. என்ன சொல்றீங்க என்றார்.

"வண்டி போயிடுச்சு. நான் தூங்கிட்டேன்."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து. என்னவோ ஏதோ என்று மகள் குழந்தையோடு ஓடி வந்தாளாம். வந்த நாளிலிருந்து அம்மா சிரித்து அவள் பார்த்ததில்லை.

"மணிக்கூண்டு நின்னு போச்சா?" என்று கேட்டார் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே. எங்கள் டிப்போ வைத்த அந்தப் பேரை அவர் புருஷனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணன் கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கும்வரை போனைக் காதில் வைத்தபடி நின்றார். அடங்கிய பிறகு, பயந்துட்டீங்களா என்று அண்ணி மெல்லக் கேட்டார். கொஞ்சம் என்றார் இவர்.

அதற்கப்புறம்தான் அண்ணி தன் கதையைச் சொன்னார். அதே விமான நிலையத்தில், போகும்போது, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார். தரை துடைக்கிற ஒரு பெண் வெளியே நின்று கதவைத் தட்டி, டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார வைத்திருக்கிறாள். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. இதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனியாக அனுப்பியது தப்பு என்று இவர் வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை.

பிறகு அந்த இடத்தில் எங்கே எது என்று வழி சொன்னார். நேராகப் போனால் குடிதண்ணீர்க் குழாய். அதைத் தாண்டிப் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நீல நாற்காலி வரிசை, அதற்குக் கைப்பிடி கிடையாது, நீட்டிப் படுக்கலாம். "உங்களுக்குக் கால் வெளிய நீட்டிட்டு நிக்கும். பரவாயில்ல, யாரும் பாக்க மாட்டாங்க." அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடந்து போனார். குழாய் இருந்தது. தொட்டி இருந்தது. நீல நாற்காலிகளும் இருந்தன. உட்கார்ந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டீர்களா என்பதிலிருந்து பேத்தியின் கால் பெருவிரல் யாரைப் போல என்பதுவரை பேசினார்கள். அத்தனை வருஷத்தில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான் என்று அண்ணன் சொல்வார்.

அந்தத் தைரியத்தில் கேட்டும்விட்டார்.

"மத்தியானத்துல எங்க போற?"

"அவ சொல்லிட்டாளா?"

"ம்."

"பஸ்ஸுக்கு," என்றார் அண்ணி. "வீட்டு முனையில ஏறுவேன். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு அதே வண்டில திரும்பி வருவேன்."

"எதுக்கு?"

"தூங்கத்தான். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. வீட்டுல படுத்தா வர மாட்டேங்குது. அங்க உக்காந்தா வருது."

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கல்யாணமான புதிதில் அண்ணி லீவு நாட்களில் எங்கள் வண்டியில் வருவார். டிரைவருக்குப் பின் சீட்டு, ஜன்னல் ஓரம். வண்டி டிப்போ வாசலைத் தாண்டும்போது தூங்கினால் துறைமுகத்தில்தான் கண் திறப்பார். மனுஷியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டி வருகிறாரா, தூங்க வைக்கக் கூட்டி வருகிறாரா என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

மறுநாள் விமானம் ஏறுவதற்கு முன் அந்த இளைஞனைத் தேடிப் போய்க் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துத் தரச் சொன்னார். இரண்டாவது விமானத்தில் முன்னால் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் கடல் படமும், ஊர்ந்து போகிற ஒரு குட்டி விமானமும், கீழே இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்கிற எண்ணும். எல்லாரும் படம் பார்த்தார்கள், இவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு போனார். மைல்கல் மாதிரி அது குறைந்துகொண்டே வந்தது. சாப்பாடு வந்ததும் சாப்பிட்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழத்தையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றுகொண்டிருந்தார். பெரிய கோட்டுக்குள் ஆள் சின்னதாகத் தெரிந்தார். இவ்வளவு தூரம் வந்தவர் என்ன பேசுவது என்று தெரியாமல், "லேட்டாயிடுச்சு" என்றார். அதற்குள் அண்ணி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டுவிட்டார். மருமகன் கார் ஓட்டினான். மாமனார் பக்கத்தில் உட்காரப் போகிறாரே என்று பயந்துகொண்டு வந்தானாம், பாவம். அண்ணன் பின் கதவைத் திறந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி எப்படிப் போயிற்று என்று பிறகு கேட்டேன். கவனிக்கவில்லை என்றார்.

அங்கே போன புதிதில் அவர் உடம்பு நம் ஊர் நேரத்தை விடவில்லை. வீடே தூங்கும்போது இவருக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு. குழந்தைக்கும் அதே வழக்கம்தான். விடிகிறதற்கு முன் அவள் சிணுங்க ஆரம்பித்தால் அண்ணன் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பழைய வழித்தடத்து நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். பாட்டு எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் உடம்பு சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் பிரசவத்துக்குப் பிறகு முதன்முதலாக முழுத் தூக்கம் தூங்கினாள்.

மத்தியானங்களில் இருவரும் அந்த பஸ்ஸில் போனார்கள். ஓட்டுகிறவள் நடுவயதுப் பெண். தினம் பின்னால் உட்கார்ந்து தூங்குகிற அம்மாவோடு நெட்டையாக ஒரு ஆள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாளாம். முதல் நாள் கடைசி நிறுத்தம் வந்ததும் எழுப்பலாம் என்று எழுந்து வந்தாள். அண்ணன் உதட்டில் விரலை வைத்தார். அவள் தலையாட்டிவிட்டு, இன்ஜினை அணைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். அவள் திரும்பி வரும்வரை அண்ணி அவர் தோளிலேயே கிடந்தார். அவள் ஓட்டுவது எப்படி என்று நான் கேட்டேன். கிளச்சில் காலை வைத்தே ஓட்டுகிறாள், மற்றபடி நல்ல கை என்றார்.

பேத்தி உட்காரப் பழகி, தவழ்ந்து, மேஜையைப் பிடித்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் இருவரும் திரும்பினார்கள். நான்தான் கூட்டி வரப் போனேன். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதே சண்டை. வழியில் அண்ணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், முதல் பயணமாம், அழுதுகொண்டே வந்திருக்கிறாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்திருக்கிறார். அந்த இடைவெளியில் அண்ணன் தன்னுடைய ரொட்டியையும் அண்ணியுடைய ரொட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டார்.

"கேக்காம சாப்பிட்டாரு தம்பி."

"கேட்டேன். நீ அந்தப் பொண்ணுகூட பேசிட்டிருந்த."

"பேசிட்டிருந்தா பசிக்காதா?"

டாக்சியில் ஏறும்போது மகளிடமிருந்து போன் வந்தது. சேர்ந்துவிட்டோம் என்று அண்ணன் ஆரம்பித்தார். அண்ணி போனைப் பிடுங்கி ரொட்டி விஷயத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அண்ணன் நடுநடுவே மறுத்தார். பெட்டிகளை டிக்கியில் ஏற்றிவிட்டு நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். வீடு வந்து சேரும்வரை பின்னால் அந்தப் பேச்சு ஓயவில்லை.